தனியாக அமர ஏற்றவர்

திண்டிவனம் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனிக்குள் காலை ஏழு இருபதுக்கு முதல் பஸ் திரும்பும். அது விழுப்புரத்திலிருந்து வருவது. ஐந்து நிமிடம் கழித்து அனந்தபுரத்திலிருந்து ஒன்று வரும். அதற்கும் பின்னால் மயிலம் பஸ். மூன்றிலுமாகத் தொண்ணூற்றாறு பெண்கள். எல்லோரும் இருதயமேரியின் மூன்று லைன்களில் வேலை செய்கிறவர்கள்.

இருதயமேரி விழுப்புரம் பஸ்ஸில் வருவாள். முதல் ஆளாக இறங்கி, படிக்கட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மாட்டாள். இறங்குகிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்ப்பாள். ஒருத்திக்கு ஒரு நொடிதான். அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும், இரவு தூங்கினாளா, சாப்பிட்டாளா, வீட்டில் அடி விழுந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று. சைரன் அடிப்பதற்குள் யார் எந்த மெஷினில் உட்காருவது என்று சொல்லிவிடுவாள். காரணம் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

தோலின் ஓரத்தைச் சீவுகிற மெஷின்கள் லைனுக்கு இரண்டு. அதில் கோயில் மணி வடிவத்தில் ஒரு கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் தோலை உள்ளே இழுத்துக் காகிதம்போலச் சீவித் தள்ளும். எது தோல், எது விரல் என்று கத்திக்குத் தெரியாது. சீவுகிற மெஷினில் யார் உட்காருவது என்பதைத்தான் இருதயமேரி கடைசியாக முடிவு செய்வாள். மூன்று பஸ்ஸும் வந்த பிறகு.

“வேணி, இன்னிக்கு நீ பசை மேசைக்குப் போ.”

“ஏங்க்கா, நேத்து டார்கெட் முடிச்சேனே?”

“போடின்னா போ.”

வேணி முணுமுணுத்துக்கொண்டே போவாள். பத்து மணி டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, தானாகவே சொல்வாள், முந்தின நாள் வீட்டில் நடந்ததை. இருதயமேரி ‘உம்’ என்பாள். அவ்வளவுதான்.

அவள் லைன்களைப் பார்த்துக்கொண்ட ஆறு வருடத்தில் தையல் போடுகிற அளவுக்கு ஒரு விரலும் வெட்டுப்பட்டதில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நடந்ததற்குத்தான் பதிவேடு உண்டு.

அவள் அந்தக் கம்பெனிக்கு வந்தது இருபத்து நான்கு வயதில். விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தாள். நிலம் கிடையாது. அம்மா கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்குவதற்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவள். எந்தக் கொல்லைக்கு எத்தனை பேர், யாரை யார் பக்கத்தில் விட்டால் சண்டை வராது, மாசமாக இருப்பவளை எந்த ஓரத்தில் விடுவது என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. இருதயமேரி பிளஸ் டூவில் இங்கிலீஷில் போய், மறுபடி எழுதித் தேறினாள். கல்யாணம் ஆகி விழுப்புரம் வந்தாள். புருஷன் ராயப்பன் சென்ட்ரிங் வேலைக்குப் பாண்டிச்சேரி போய் வருகிறவன். கம்பெனியில் அவளுக்கு முதல் வேலை நூல் வெட்டுவது. பிறகு தையல், பிறகு செக்கிங், பிறகு சூப்பர்வைசர். பதினேழு வருடம்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு மேலே இருந்த அசிஸ்டென்ட் மேனேஜர் விருத்தாசலம் ஆம்பூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றைக்கே ஜி.எம். ஆனந்தராஜ் லைனுக்கு வந்து, ஆர்டர் அடித்து வரும்வரை நீயே பார்த்துக்கொள் மேரி என்றார். பார்த்துக்கொண்டாள். விருத்தாசலத்தின் மேசையில் உட்காரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே பதினோரு மாதம் ஓட்டினாள்.

அந்தப் பதவி தனக்கு வரவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்தால் சுவரில் லிஸ்ட் ஒட்டுவார். லிஸ்ட்படி உட்காரச் சொல்வார். காலையில் இறங்குகிற முகங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். இதை அவள் ராயப்பனிடம் ஒரு தடவை சொன்னாள். “உன்ன விட்டா யாருக்குக் குடுப்பான்? பேசாம தூங்கு” என்றான் அவன்.

ஆர்டர் வரவில்லை. ஆர்த்திதான் வந்தாள். சென்னை அலுவலகத்திலிருந்து ஹெச்.ஆருக்கு வந்திருக்கும் பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். நல்லவள். கேன்டீனில் வரிசையில் நின்றுதான் சாப்பாடு வாங்குவாள். இனிமேல் மேனேஜர் பதவிக்கு யாரை எடுப்பதானாலும், உள்ளே இருப்பவரோ வெளியிலிருந்து வருபவரோ, ஒரு மதிப்பீடு உண்டு என்று அவள் சூப்பர்வைசர்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள். இரண்டு பகுதி. ஒன்று எவ்வளவு வேகமாகப் புரிந்துகொள்கிறோம் என்று பார்ப்பது. இன்னொன்று சுபாவத்தைப் பார்ப்பது.

“இது பரீட்சை இல்லக்கா. பாஸ் ஃபெயில் கிடையாது. நீங்க எப்படிப்பட்டவங்கன்னு கம்பெனி தெரிஞ்சுக்கறதுக்கு.”

பதினேழு வருடமாகத் தெரியாததா என்று இருதயமேரி நினைத்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் லிங்க் வந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் முடிக்கவும் என்று கீழே போட்டிருந்தது.

கம்பெனியில் லிங்க் வருவது புதிது இல்லை. பி.எஃப். நாமினிக்கு ஒரு லிங்க் வரும். இ.எஸ்.ஐ. கார்டுக்கு ஒன்று வரும். ஆதாரை இணைப்பதற்கு ஒன்று. வந்ததும் பெண்கள் அவரவர் ஊரில் யாராவது தெரிந்தவரிடம் கொடுத்துப் போட்டுவிடுவார்கள். நாமினி லிங்க் வந்தபோது ஆர்த்தியே குரூப்பில் சொல்லியிருந்தாள், தெரியாதவங்க யார்கிட்டயாவது குடுத்துப் போட்டுடுங்க என்று. இருதயமேரிக்கு அந்த ஆள் இனியவன்.

இனியவனின் பிரௌசிங் சென்டர் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. இருதயமேரியின் ஸ்மார்ட் கார்டு, சாதிச் சான்றிதழ், மகள் ரோஜாவின் நர்சிங் காலேஜ் விண்ணப்பம், ராயப்பனின் நலவாரிய அட்டை எல்லாம் அவன் போட்டது. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதிகம் பேச மாட்டான். பேசினாலும் கண் கம்ப்யூட்டர் திரையில்தான் இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் புடவையோடு நேராக அங்கே போனாள். திங்கட்கிழமை மனுநாளுக்கு மனு தயார் செய்ய வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. பட்டா மாற்றக் காகிதக் கட்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

“என்னாக்கா, ஸ்காலர்ஷிப்பா?”

“இல்லப்பா, கம்பெனி லிங்க்கு. ஆறு மணிக்குள்ள போட்டுடணுமாம்.”

அவன் போனை வாங்கி லிங்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தான். முதல் பக்கத்தில் ஒரு உறுதிமொழியும் அதன் கீழே ஒரு கட்டமும் இருந்தன. எந்தப் பாரத்திலும் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அவன் அதில் டிக் அடித்தான். ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

பன்னிரண்டு நிமிடம். ஐம்பது கேள்வி. முக்கோணத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் புள்ளி, அடுத்து என்ன வரும். ஒரு எண் வரிசையில் விட்டுப்போனது எது. இருதயமேரி எட்டிப் பார்த்தாள். இரண்டாவது கேள்விக்கு அவளுக்கு விடை தெரிந்தது. சொல்வதற்குள் அவன் ஒன்பதாவதுக்குப் போயிருந்தான். பெரியவர் என்னவோ கேட்டார். அவன் காதில் விழவில்லை. பன்னிரண்டு நிமிடமும் அவன் தோள் அசையாமல் இருந்தது. முடிந்ததும் மூச்சு விட்டு, “சோக்கா இருந்துச்சுக்கா” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

இரண்டாவது பகுதிக்குக் கடிகாரம் இல்லை. நான்கு நான்காக வாக்கியங்கள். மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழிலேயே இருந்தது. அவன் வாசித்தான். கூட்டமாக இருக்கும் இடத்தில் உற்சாகம் அடைவேன். சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பேன். மற்றவர்களின் வருத்தம் என்னைப் பாதிக்கும். முடிவுகளை வேகமாக எடுப்பேன்.

“எதுக்கா?”

“எல்லாந்தான்.”

“எல்லாம் போட முடியாது. ஒண்ணுதான்.”

அவள் யோசித்தாள். ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றும் பொய்யாகிவிடும்போல் இருந்தது.

“எது போட்டா நல்லாருக்கும்?”

“நல்லது கெட்டதுலாம் இல்லியாம். யோசிக்காம மனசுல வர்றத போடணுமாம். எழுவது இருக்குதுக்கா இந்த மாதிரி.”

பெரியவர் இருமினார். காகிதக் கட்டை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினார். வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

“நீயே பாத்துப் போடுப்பா. உனக்குத் தெரியாததா?”

ஒவ்வொரு பாரத்துக்கும் அவள் சொல்வது அதுதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் மாவட்டமே சொல்வதும் அதுதான்.

இனியவன் போட்டான். முதலில் வேகமாகப் போட்டான். பிறகு அவன் கை மெதுவானது. சில இடங்களில் நிறுத்தி, வெளியே ரோட்டைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பி ஒரு கட்டத்தைத் தொட்டான். அவளைப் பற்றித்தான் அவ்வளவு யோசிக்கிறான் என்று அவள் நினைத்தாள். தம்பி பொறுப்பான பையன் என்று நினைத்தாள். முடிந்ததும் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, “வந்துடும்க்கா” என்றான். எதற்கும் அவன் சொல்வது அதுதான்.

பதினைந்து நாள் கழித்து அவளை மேலே கூப்பிட்டார்கள். ஜி.எம். அறையில் ஆர்த்தியும் இருந்தாள். ஆனந்தராஜ் நாற்காலியைக் காட்டி “உக்காருங்க” என்றார். பதினேழு வருடத்தில் அவர் அவளிடம் அந்தச் சொல்லை ‘ங்க’ போட்டுச் சொன்னது அன்றுதான்.

ஆர்த்தி ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தாள். ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. அதன் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மொத்தக் கம்பெனியில், சென்னையையும் சேர்த்து, இந்தப் புள்ளிக்கு மேல் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றாள். ஆனந்தராஜ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பெரிய மூளையை நூல் வெட்ட விட்டோமே என்று அவர் உண்மையாகவே வருத்தப்படுவது தெரிந்தது.

அந்தப் புள்ளி தன்னுடையது இல்லை என்று இருதயமேரிக்குத் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் பிற்பாடு தன்னிடமே மறைக்கவில்லை.

ஆர்த்தி அடுத்த காகிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள். தனியாகப் பணி செய்யும்போது மிகச் சிறப்பாகச் செயல்படுவார். கூட்டத்தில் விரைவில் களைப்படைவார். விதிகளைத் துல்லியமாகப் பின்பற்றுவார். யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல் இருதயமேரிக்கு இருந்தது. யார் என்று பிடிபடவில்லை. மற்றவர்களின் துயரத்திலிருந்து விலகி நின்று தம் வேலையைத் தொடர்வார். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்.

பிடிபட்டது. பிளாஸ்டிக் ஸ்டூலும் ஜெராக்ஸ் மெஷினும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிய அந்த முகமும் அவள் கண்முன் வந்தன.

“இவ்ளோ நாளா உங்கள ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம் மேடம்” என்றாள் ஆர்த்தி. அக்கா மேடமாகியிருந்தாள். “தொண்ணூத்தாறு பேர் நடுவுல உங்கள நிக்க வெச்சிருக்கோம். உள்ளுக்குள்ள எவ்ளோ களைச்சுப் போயிருப்பீங்க.”

அவர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்கிற ஆடிட் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ள மாடியில் ஒரு பதவி. மேனேஜர் அந்தஸ்து. கண்ணாடி அறை, ஏ.சி., தனி மேசை. தனியாக அமர ஏற்றவர் என்று அறிக்கையின் கடைசி வரியே சொல்லியிருந்தது. லைன்களுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து தென்னரசு என்பவர் வருகிறார். அவருடைய அறிக்கையும் மிக நன்றாக இருக்கிறது.

“எனக்கு ஆளுங்களோட இருந்தாதாம்மா வேலை ஓடும்” என்றாள் இருதயமேரி. “தனியாலாம் உக்கார வராது எனக்கு.”

ஆர்த்தி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. “எல்லாருமே மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க மேடம். எங்க டிரெய்னிங்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க. பல வருஷம் ஒரு எடத்துல இருந்துட்டா, அதுதான் நம்ம சுபாவம்னு நாமளே நம்பிடுவோம். ரிப்போர்ட்டுக்கு அது தெரியும்.”

இருதயமேரி மேசையைப் பார்த்தாள். காகிதங்களுக்கு மேலே உறுதிமொழிப் பக்கம் இருந்தது. இந்த மதிப்பீட்டை வேறு எவர் உதவியும் இன்றி நானே செய்கிறேன். தவறெனத் தெரியவந்தால் பணிநீக்கம் உட்பட எந்த நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன். கட்டத்துக்குள் டிக். கீழே அவள் பெயர்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் சிவப்புப் புள்ளியும் போகும். வேலையும் போகும். இனியவன் கடைக்கும் யாராவது போய் நிற்பார்கள். ஆனந்தராஜ் எழுந்து கைகொடுத்தார். அவள் கை தானாக நீண்டது.

கீழே செய்தி முன்னாலேயே போயிருந்தது. டீ நேரத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “பெரிய மூளையாமே எங்கக்காவுக்கு. மெஷின்ல வெச்சு எடுத்தாங்களாம்” என்றாள் வேணி. யாரோ அவள் தலையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். மேலே போனால் எங்களைத் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். இருதயமேரி எல்லோருக்கும் சிரித்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விக்கிரவாண்டி டோல்கேட் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். களைப்பாகத்தான் இருந்தது. அறிக்கை சொன்னது உண்மையாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் இனியவன் கடைக்குப் போனாள். கூட்டம் குறைந்திருந்தது. ஆர்த்தி கொடுத்தனுப்பியிருந்த அறிக்கையை அவன் முன்னால் வைத்தாள். திட்டவேண்டும் என்றுதான் போனாள். அவன் வாசிக்க ஆரம்பித்ததும் திட்ட வரவில்லை. அவன் ஒவ்வொரு வரிமேலும் விரலை வைத்து வாசித்தான். இரண்டாம் பக்கத்துக்குப் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

“இது நான்க்கா” என்றான் மெல்ல.

“தெரியுது.”

“நீங்க பாத்துப் போடுன்னீங்க. உங்கள நெனச்சுதான் ஆரம்பிச்சேன். ஒரு பத்து போட்டிருப்பேன். அப்பறம் அவன் கேக்கறது எனக்குள்ள பூந்து கேக்கற மாதிரி இருந்துச்சு. யோசிக்காமப் போடுன்னானா... வந்துட்டுது.”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதைத்தான் பார்த்தான்.

“திருப்பிப் போட முடியுமா?”

கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவன் வாசித்துச் சொன்னான். ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு ஒரு தடவைதான். சுபாவம் அதற்குள் மாறாது என்று போட்டிருந்தது.

வாசலில் ஒரு பெண் வருமானச் சான்றிதழுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். அவன் ரோட்டைப் பார்த்தபடி பதில் சொன்னான். அவள் போனதும் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

“தெனம் நூறு பேரு வர்றாங்கக்கா. சாயங்காலம் ஆனா தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். ஒடம்புல ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன். இதுல எழுதியிருக்கான் பாருங்க.” கொஞ்சம் தயங்கினான். “ஒரு காப்பி எடுத்துக்கட்டுமாக்கா?”

எடுத்துக்கொள் என்றாள். ஜெராக்ஸ் மெஷினில் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. மேலே இருந்த அவள் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்து எடுத்தான்.

ராயப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “ஏ.சி. ரூம்தானே? ஒரு வருஷம் ஓட்டு” என்றான். பிறகு, “எங்க மேஸ்திரி கைய அமுக்கிப் பாத்துதான் ஆள் எடுப்பான். அதுவே தேவல” என்றான்.

புது மாதம் முதல் தேதி அவள் மாடிக்குப் போனாள். கழுத்தில் நீல நாடா. லைனில் இருப்பவர்களுக்குச் சிவப்பு. போன் உள்ளே கொண்டுபோகலாம். ஆனால் சைரன் அடித்த பிறகு லைனுக்குள் போக பாஸ் வேண்டும். மேசையில் கம்ப்யூட்டரும் பதினான்கு ஃபைல்களும். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்தை வாசிக்க அவளுக்கு அரை மணி ஆனது. அர்த்தம் ஆவதற்கு இன்னும் ஒரு அரை மணி. பெரிய மூளைக்காரி என்பதால் யாரும் வந்து சொல்லித் தரவில்லை. அவள் தனிமையைக் கலைக்கக் கூடாது என்று ஆர்த்தி மாடியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சாப்பாட்டைக்கூட அறைக்கே அனுப்பினாள். கதவை மூடினால் கீழே ஓடுகிற மெஷின்களின் சத்தமும் நின்றுவிடும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே மூன்று லைன்களும் தெரியும்.

தென்னரசு கெட்டவர் இல்லை. சுறுசுறுப்பானவர். எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். இரண்டாம் நாளே சுவரில் லிஸ்ட் ஒட்டினார். யாருக்கு எதில் வேகம் என்று கம்ப்யூட்டரில் பார்த்துப் போட்ட லிஸ்ட். சீவுகிற மெஷினில் வேணிக்குத்தான் வேகம் அதிகம். வேணி நிரந்தரமாக அங்கே உட்கார்ந்தாள். உற்பத்தி கூடியது. ஆனந்தராஜ் கைதட்டினார்.

பழக்கம் விடவில்லை. இருதயமேரி இப்போதும் முதலில் இறங்கி, படிக்கட்டுக்கு இரண்டடி தள்ளி நிற்பாள். முகங்களைப் பார்ப்பாள். சொல்ல ஒன்றும் இல்லாததால் குட்மார்னிங் சொல்வாள். பெண்களும் குட்மார்னிங் மேடம் என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போவார்கள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை வேணி விழுப்புரத்தில் பஸ் ஏறவில்லை. முண்டியம்பாக்கத்தில், பெரிய ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறினாள். அங்கேயே இருதயமேரி பார்த்துவிட்டாள். மகளுக்கு மூன்று நாளாக டெங்கு, தட்டணுக்கள் ஏறவில்லை என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள். நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடிய விடிய வராந்தாவிலேயே இருந்துவிட்டு வேணி அப்படியே வேலைக்கு வருகிறாளாம். லீவு எடுத்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். திண்டிவனம் வரும்வரை வேணி கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள். இறங்கும்போது படி இருக்கும் இடத்தில் காலை வைக்காமல் காற்றில் வைத்தாள்.

“வேணி, இன்னிக்குப் பசை மேசைக்குப் போடி.”

வேணி நின்றாள். “லிஸ்ட்ல இல்லியேக்கா.” பிறகு ஞாபகம் வந்தவளாக “மேடம்” என்றாள்.

இருதயமேரி நேராகத் தென்னரசுவிடம் போனாள். அவர் எழுந்து நின்று கேட்டார். இன்று ஒரு நாள் வேணியைச் சீவுகிற மெஷினில் உட்காரவைக்க வேண்டாம் என்றாள். அவள் ஏதாவது கேட்டாளா என்றார். கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது என்றாள். அவர் சுவரில் இருந்த லிஸ்ட்டைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய அறிக்கையைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருப்பார்.

“மேடம், லிஸ்ட்ட மாத்துனா ரீசன் காட்டணும். சிஸ்டம் அப்படி. நீங்க ஒரு மெயில் போட்டுடுங்க, ரெண்டு வரி போதும். வந்த ஒடனே மாத்திடறேன். நீங்க எழுதுறதுல பெரிய ஆளுன்னு சொன்னாங்க.”

அதில் குத்தல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

“மெயிலு வரைக்கும் அவள நிறுத்தி வைங்க சார்.”

“கன்வேயர் ஓட ஆரம்பிச்சுடும் மேடம். ஜல்தியா போட்டுடுங்க.”

அவள் மாடிக்கு ஏறினாள். படி ஏறும்போது சைரன் அடித்தது. கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெள்ளைப் பெட்டி. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கர்சர் விட்டு விட்டு மின்னியது. Veni என்று அடித்தாள். அடுத்த சொல் வரவில்லை. வேணியைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். அதில் எதை இங்கிலீஷில் எழுதினால் தென்னரசுவின் சிஸ்டத்துக்குக் காரணமாகும் என்று தெரியவில்லை. முகம் என்பதற்கு அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். முகம் சரியில்லை என்பதற்குத் தெரியவில்லை. தமிழில் அடிக்கலாம் என்று பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை.

ஆர்த்தியின் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. வியாழக்கிழமைகளில் அவள் சென்னையில் இருப்பாள். போன் செய்தாள். மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று தானாக ஒரு மெசேஜ் வந்தது.

மறுபடி கண்ணாடி அறைக்கு வந்தாள். கீழே லைன் ஓட ஆரம்பித்திருந்தது. வேணி உட்கார்ந்துவிட்டாள். தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இடது கையில் தோல் கட்டு. வலது கால் பெடலில்.

இருதயமேரி இனியவனைக் கூப்பிட்டாள். நான்காவது மணியில் எடுத்தான்.

“இனியவா, ஒரு மெயில் அடிக்கணும்ப்பா. இங்கிலீஷ்ல. ஒடனே. என் ஐடில போட்டு அனுப்பணும், பாஸ்வேர்டு சொல்றேன்.”

பின்னால் ஒரே இரைச்சல். யாரோ அவனிடம் ஏதோ ஒரு நகல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்கக்கா. யாருக்கு?”

சொன்னாள். அவன் விரல்கள் கீபோர்டில் ஓடுவது கேட்டது.

“என்னான்னு போடணும்?”

அவள் கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் போனாள். நெற்றி அதில் பட்டது. கீழே வேணியின் தலை ஒரு தடவை முன்னால் சாய்ந்து, நிமிர்ந்தது. மெஷின் சத்தம் இங்கே கேட்காது. இங்கிருந்து கத்தினாலும் அங்கே கேட்காது. ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, என்னான்னு? காரணம் கேக்குமே. ஒடம்பு சரியில்லன்னு போடவா, பர்சனல்னு போடவா?”

வேணியின் தலை மறுபடி சாய்ந்தது. இந்தத் தடவை நிமிரக் கொஞ்சம் நேரம் ஆனது.

“நீயே பாத்துப் போடுப்பா” என்றாள் இருதயமேரி. சொல்லிவிட்டுப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறந்து படிக்கட்டுக்கு ஓடினாள். கீழே லைன் வாசலில் இருந்த செக்யூரிட்டி அவளுடைய நீல நாடாவைப் பார்த்துவிட்டு எழுந்து சல்யூட் வைத்தான். பிறகு, உள்ளே போக பாஸ் இருக்கிறதா மேடம் என்று பணிவாகக் கேட்டான்.